முதல் பேஷன்ட் நான்தான்

பொதட்டூர்பேட்டையில் தறி ஓடும்போது தரையே அதிரும். அந்த அதிர்வைத் தாங்குகிற தறிக்கூடங்களை நான் கட்டியிருக்கிறேன். ஒரு சுவரில்கூட விரிசல் காட்ட முடியாது. ஏரி மண், எதுவும் நிற்காது என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில், கே.ஜி.கண்டிகை பக்கம் ஓர் அரிசி மில்லை நிற்க வைத்தேன். அம்மையார்குப்பத்தில் ஒரு மணிக்கூண்டு. திருத்தணி மலையடிவாரத்தில் மொட்டை போட வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ்களில் உயரமானவை எல்லாம் என் கை வேலை. இன்ஜினியர் பாதியில் விட்டுவிட்டு ஓடிய கட்டிடங்களையும் எடுத்து முடித்திருக்கிறேன். படித்தது ஐந்தாவது. கல்லும் ஜல்லியும் சுமந்தவன்தான் மேஸ்திரி ஆனேன். ரசமட்டம் பிடிக்க எவனும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்துத் திருடிக்கொண்டேன். குடியிருக்கும் வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் நான் தட்டிப் பார்த்து வைத்தது.

இவ்வளவையும் ஊர் ஒத்துக்கொள்கிறது. இன்னொன்று இருக்கிறது. அதைத்தான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். என் மகள் நர்சிங் படிப்பில் முதல் வருடம் தேறினாளே, அதற்குக் கடைக்கால் போட்டவன் நான்.

அவள் ப்ளஸ் டூ முடித்து நர்சிங் போகிறேன் என்றபோது முதலில் முகம் சுளித்தவர் என் மனைவியின் அண்ணன். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற குடும்பம் எங்களுடையது, அவரை நான் பாவா என்பேன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். சட்டைப் பையில் இரண்டு பேனா இல்லாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போக மாட்டார்.

“நம்ம வீட்டுப் பொண்ணு கண்டவனுக்கும் பெட்பேன் தூக்கணுமா மாப்ள? பேசாம பி.காம்ல போடு. பேங்க்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்துகினு வேலை பாக்கட்டும்.”

“பேங்க்ல உக்காந்துகினு இருக்கறவனும் ஒரு நாளைக்கு ஆஸ்பத்திரில படுப்பான் பாவா. அப்ப யாரு வேணும்?”

“நீ அஞ்சாவது. உன்னாண்ட பேசி இன்னா ஆவப்போவுது.”

இதை அவர் என் வீட்டில் உட்கார்ந்து, என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு சொன்னார். நான் கேட்கவில்லை. மகளை ரயிலேற்றிச் சென்னைக்குக் கவுன்சிலிங் கூட்டிப் போனது நான். அவள் உள்ளே போய் வருகிறவரை வெயிலில் நின்றதும் நான். வேலூர் பக்கம் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த அன்று என் மனைவி சாப்பிடவில்லை, நான் வழக்கம்போலச் சாப்பிட்டேன். காரியம் முடிந்தால் சாப்பிட வேண்டியதுதானே.

அவள் தமிழ் மீடியம். அங்கே எலும்புக்கும் நரம்புக்கும் இங்கிலீஷில்தான் பெயர். சாயங்காலம் ஃபோனில் பாவா அவளுக்கு இங்கிலீஷ் வாசித்துப் பழக்கினார். பழக்கவில்லை என்று நான் எங்கும் சொன்னதில்லை. நான் நன்றி கெட்டவன் கிடையாது. ஆனால் அவளுக்குச் சிக்கல் வந்தது இங்கிலீஷில் அல்ல.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னால்தான் புரியும். பெண் வயதுக்கு வந்தபின் அப்பனைத் தொட மாட்டாள். நான் மதியம் கட்டிலில் படுத்திருந்தால் அவள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போவாள். தண்ணீர் கேட்டால் டம்ளரை ஸ்டூலில் வைப்பாள், கையில் தர மாட்டாள். யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே வளர்ந்தாள். அந்தக் கையோடுதான் நர்சிங் போனாள்.

காலேஜில் ரப்பர் பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுக்கும்போது எல்லாம் சரியாகச் செய்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வார்டுக்கு அழைத்துப் போனார்கள். ஒரு கையும் காலும் விழுந்துபோன பெரியவர் ஒருவர். அவரைப் பக்கவாட்டில் புரட்டி, முதுகைத் துடைத்துப் பவுடர் போட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். இவள் புரட்டப் போய், தோள் கையில் பட்டதும் விட்டுவிட்டாள். பாதி புரண்ட மனிதர் திரும்பி விழுந்து கை கட்டில் கம்பியில் இடித்துவிட்டது. அவருடைய மகன் கத்தியிருக்கிறான். டியூட்டர் அம்மா எல்லோர் முன்னாலும், தொடப் பயப்படுகிறவள் எதற்கு இங்கே வந்தாய் என்று கேட்டிருக்கிறார். தன் முன்னால் இதைச் சரியாகச் செய்து காட்டாதவரை வார்டில் கால் வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை அவள் மொத்தப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

“வந்துட்டேன் நைனா. எனக்கு வராது.”

“இன்னா வராது?”

“ஆம்பளைங்கள தொட வரல. கை தானா பின்னால வந்துடுது.”

பாவாவுக்குச் செய்தி போயிற்று. ஃபோனில் அவர் பேசியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. “நான் அப்பவே சொன்னனா இல்லியா? போனது போவட்டும், அடுத்த வருஷம் பி.காம் பாத்துக்கலாம்.” அவ்வளவுதான். இன்று ஊரில் அவரை வழிகாட்டி வழிகாட்டி என்கிறார்களே, அவர் அன்று காட்டிய வழி அது.

நான் சட்டையைக் கழற்றிவிட்டு, லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் படுத்தேன்.

“நான்தான் பேஷன்ட். தொடு.”

அவள் அழுதாள். மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். “இன்னா கூத்து இது? பொட்டப்புள்ள அப்பன் மேல கை வெக்கறதா?”

“ஊரான் மேல வெக்கணும்னுதான அனுப்பிகிறோம்? மொதல்ல என் மேல வெக்கட்டும். நீ இங்கியே நின்னு பாரு.”

வெந்நீர், பிளாஸ்டிக் ஷீட், துண்டு எல்லாம் வந்தன. முதல் தரம் அவள் கை பட்டது சூடான தோசைக்கல்லில் பட்டதுபோல இருந்தது. பட்டது, போய்விட்டது. நான் விடவில்லை. திரும்பத் திரும்பத் தொடச் சொன்னேன். ஜல்லிக்கூடை தூக்கிக் காய்த்துப்போன தோள் இது, சாரம் சரிந்தபோது கிழித்த தழும்பு முதுகில் நீளமாக இருக்கிறது. அதன் மேல் ஈரத்துண்டு போகும்போது எனக்கு உடம்பு கூசியது. என்னை யாரும் அப்படித் துடைத்ததில்லை. எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது, அதை யார் கேட்டார்கள்?

புரட்டுவதுதான் கஷ்டம். என் எடை அப்படி. அவள் தோளிலும் இடுப்பிலும் கை வைத்து இழுக்கும்போது நான் என்னையறியாமல் திரும்பிக் கொடுத்தேன்.

“நைனா, நீ திரும்பாத. அந்தப் பெரியவரால முடியாதில்ல? உசுரே இல்லாத மாதிரி கெட.”

இதைக் கேட்டதும் என் மனைவி புடவையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓர் ஆளை மல்லாக்கப் போட்டு மற்றவர் கழுவித் துடைப்பதை எங்கள் ஜனம் ஒரே ஒரு சமயத்தில்தான் பார்த்திருக்கிறது. அவள் கண்ணுக்கு நான் அப்படித்தான் தெரிந்திருப்பேன்.

“இன்னாத்துக்கு அழுவற? நான் இன்னும் சாவல. தண்ணி ஆறிப்போச்சு, மாத்திகினு வா,” என்றேன்.

அவளும் மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஞாயிறும் அதே வேலை. வார்டுக்குத்தான் தடை, வகுப்புக்கு இல்லை என்று திங்கட்கிழமை பெட்டியோடு அவளைத் திரும்ப ஹாஸ்டலுக்கு அனுப்பினேன். அடுத்தடுத்த வாரக் கடைசியும் அதே. அப்போதுதான் தெருவுக்கு விஷயம் போனது. பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். நான் அசையாமல் கிடக்கிறேன், மகள் துடைக்கிறாள், மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறாள். வேறென்ன நினைப்பாள்? பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது, மேஸ்திரிக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது என்று.

ஹார்லிக்ஸோடும் மாதுளம்பழத்தோடும் ஆட்கள் வந்தார்கள். கதவைத் திறந்தது நான். திறந்தவனைப் பார்த்துவிட்டும், “பரவால்ல, சீக்கிரம் தேறிட்டீங்க,” என்றார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். மனைவி காலில் விழாத குறை. “பொண்ணு அப்பன் உடம்ப தொடச்சான்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்? முதுகு புடிச்சிகிச்சின்னு சொல்லிடு.” பாவாவும் அதையே சொன்னார். வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பதில், கிருத்திகை அன்று கூட்டத்தோடு கூட்டமாக மலைப் படியை எங்கும் உட்காராமல் ஏறிக் காட்டினேன். பார்க்கட்டும் என்று. பார்த்தார்கள். உடம்பு தேறியதற்கு நேர்த்திக்கடன் செலுத்துகிறார் பாவம் என்று பேசிக்கொண்டார்கள்.

அரக்கோணம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் கட்டுவதாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் எடுத்த வேலைகளிலேயே பெரியது அதுவாக இருந்திருக்கும். பேசி முடித்த மனிதர் வீட்டுக்கே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “மேல ஏறி எறங்கற வேலை மேஸ்திரி. மொதல்ல உடம்ப பாத்துக்கோங்க. அடுத்தது உங்களுக்குத்தான்,” என்றார். மண்டபம் வேறொருவன் கைக்குப் போயிற்று. அந்த வழியாகப் போகும்போது பார்க்கிறேன், முன்பக்கத் தூண் நூல் பிடித்த மாதிரி இல்லை.

மகள் டியூட்டர் அம்மா முன்னால் செய்து காட்டினாள். ஒரே தடவையில். வார்டில் மறுபடி விட்டார்கள். வருடக் கடைசியில் ஆம்பளை வார்டில் கனமான பேஷன்ட் வந்தால் அவளைக் கூப்பிடுகிறார்களாம். இவ்வளவு கனத்தை எங்கே பழகினாய் என்று கூடப் படிக்கிறவர்கள் கேட்கிறார்களாம். அவள் சிரித்து மழுப்புகிறாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள்.

விளக்கேற்றும் விழாவுக்குப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். வெள்ளை உடையில் வரிசையாக விளக்கு பிடித்து நின்றார்கள் பெண்கள். பாவா மடிப்புக் கலையாத சட்டையில் முன்வரிசை. விழா முடிந்ததும் டியூட்டர் அம்மா எங்களிடம் வந்தார். “உங்க பொண்ணுக்கு கை ரொம்ப நல்லா வந்திருக்கு. வீட்ல யாராவது நர்ஸா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பாவா முந்திக்கொண்டார். “நான்தாங்க அவ மாமா. டெய்லி ஃபோன்ல கோச்சிங் குடுத்தேன்.”

ஃபோனில் முதுகு துடைக்கச் சொல்லிக் கொடுத்தாராம். மகள் என் மனைவியைப் பார்த்தாள். மனைவி தரையைப் பார்த்தாள். டியூட்டர் அம்மா பாவாவுக்குக் கை கூப்பிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் நான் கேட்டேன். “அவ கை என் முதுகுல வந்ததா, உன் ஃபோன்ல வந்ததா பாவா?”

“கத்தாத மாப்ள, எல்லாரும் பாக்கறாங்க. அதெல்லாம் அந்தம்மாகிட்ட சொல்லிகினு இருக்க முடியுமா? அசிங்கமா இருக்கும்.”

அந்த வார்த்தைதான் எனக்கு ஆறவே இல்லை. என்ன அசிங்கம்? அப்பன் உடம்பைத் துடைத்தது அசிங்கமென்றால் நாளைக்கு அவள் துடைக்கப்போகிற ஒவ்வொரு உடம்பும் அசிங்கம்தான். பிறகு எதற்கு விளக்கு, எதற்கு வெள்ளை உடை, எதற்கு முன்வரிசையில் மடிப்புச் சட்டை? அவள் கையிலிருந்து போன பயம் எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மறைக்கிறார். அவள் முதல் வருடம் தேறியதற்குத் தெருமுனையில் அவள் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்தார், ஓரத்தில் வழிகாட்டி என்று தன் படம். என் படம் இல்லை. நான் படுத்துவிட்டவன் அல்லவா?

இனி என்னால் மூடி வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். மகளே, அடுத்த தரம் எங்கே பழகினாய் என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்பாதே. என் நைனாவைப் புரட்டிப் பழகினேன் என்று சொல். உன் அம்மா பக்கத்து வீட்டம்மாளிடம் போய், என் புருஷனுக்கு ஒரு நோயும் வரவில்லை, பெண்ணுக்காகப் படுத்தார் என்று சொல்லட்டும். மண்டபத்துக்காரருக்கும் அது போய்ச் சேரட்டும். பாவா அந்த டியூட்டர் அம்மாவைப் பார்த்து, இங்கிலீஷ் என்னுடையது, மற்றது மேஸ்திரியுடையது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். இங்கிலீஷிலேயே சொல்லட்டும், நான் பக்கத்தில் நிற்பேன்.