இந்திராணி எடுத்த ரத்தம்

லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்துப் பதினைந்து வருஷம் பொன்னேரியில் ஒரு சின்ன பரிசோதனை நிலையத்தில் சர்க்கரையும் உப்பும் பார்த்துக் காலம் தள்ளியவள் ஏரிக் குப்பமான பசியாவரத்து இந்திராணி. முப்பத்தெட்டாவது வயதில் சென்னை ஆராய்ச்சிக் குழு ஒன்று அவளை வேலைக்கு எடுத்தது. ஏரியைச் சுற்றிய குப்பங்களில் முகாம் போட்டு, புகையிலை போடுகிறவர்களிடம் ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். வாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சி.

குழுத் தலைவர் டாக்டர் தனசேகர் முதல் நாளே விளக்கினார். நம் உயிரணுக்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று துளித்துளித் துணுக்குகள் உண்டு. மரபணுக்கள் மட்டுமீறி ஆடாமல் அடக்கி வைப்பவை. புற்று வந்தால் அவற்றில் சிலது கூடும், சிலது குறையும். ரத்தத்திலும் மிதக்கும்.

"அந்தக் கூடுதல் குறைச்சலைப் பிடிச்சிட்டா, புண்ணு தெரியறதுக்கு முன்னாடியே நோயைச் சொல்லலாம்மா. அதையே குறிவெச்சு மருந்தும் செய்யலாம்."

இந்திராணி நம்பினாள். நம்பியதால்தான் அத்தனை பாடும் பட்டாள். எடுத்த ரத்தத்தைச் சீக்கிரம் படகில் கரைக்குக் கொண்டுபோய் மெஷினில் சுழற்றித் தெளிநீரைப் பிரிக்க வேண்டும். காற்று தூக்கியடிக்கும் நாளில் படகு குலுங்கி சிவப்பணுக்கள் உடைந்துவிடும். தெளிநீர் ரோஸ் நிறமாக வந்தால் அந்தக் குழாய் குப்பைக்குத்தான். ஒரே வாரத்தில் பதினொன்று போயின. "பத்திரமா கொண்டார மாட்டியாம்மா?" என்று ஆபீசில் கேட்டார்கள். "ஒரு நாள் வந்து படவுல குந்திப் பாருங்க" என்பது நாக்கு நுனிவரை வந்து நின்றது.

முதல் முகாமில் முதல் ஆளாகக் கை நீட்டியவள் ருக்கு. முழங்கால் தண்ணீரில் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவள். ஏழு மாசம் கழித்து இந்திராணி அவள் வீட்டுப் பக்கம் போனபோது, ருக்கு தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்துக் கஞ்சி விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா ஆச்சு வாயில?"

"புண்ணுடி. நாலு மாசமா ஆறல."

"ஆஸ்பத்திரிக்குப் போவலயா?"

"எதுக்கு? நீதான ரத்தம் எடுத்துனு போன. எதுனா இருந்தா சொல்லியிருப்ப. ஒண்ணும் சொல்லல, சரி, ஒண்ணும் இல்லபோலனு வுட்டுட்டேன்."

இந்திராணி அவளை வாயைத் திறக்கச் சொன்னாள். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். உள்கன்னத்தில் வெள்ளைத் திட்டு, நடுவில் தடித்த புண். வெளியே வந்து தனசேகருக்குப் போன் போட்டாள்.

"சார், ருக்கு ரத்தத்துல இன்னா வந்துது?"

"இன்னும் அளக்கவே இல்லம்மா. எல்லாரோடதும் சேர்ந்தப்புறம்தான். அளந்தாலும் ஒரு ஆளோட எண்ணை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இது இன்னும் டெஸ்ட் இல்ல, ஆராய்ச்சி. ஒப்புதல் தாள்லயே இருக்கே."

"படிச்சுக் காட்டினதே நான்தான் சார். மூணாவது பக்கத்துல வருது அது. அதுக்குள்ள கட்டைவிரல நீட்டிட்டாங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாளே ருக்குவைச் சென்னைக்கு அழைத்துப் போனாள். சதை எடுத்துப் பார்த்துப் புற்று என்றார்கள். கன்னத்தையும் தாடையில் ஒரு துண்டையும் வெட்டி எடுத்தார்கள். ருக்கு பிழைத்தாள். பேச்சு குழறிப்போயிற்று. "நீ இன்னாடி பண்ணுவ" என்று அவள் குழறியபோது, திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது இந்திராணிக்கு.

முகாமிலேயே எல்லோருக்கும் வாயைப் பார்க்க ஒரு டாக்டர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். திட்டத்தில் அது இல்லை, அனுமதி வாங்க வேண்டும் என்று பதில் வந்தது. அவள் காத்திருக்கவில்லை. அடுத்த முகாமில் ஊசியைத் தொடுமுன் எழுந்து நின்றாள்.

"இந்த ரத்தத்துல உங்களுக்கு ஒரு ரிசல்ட்டும் வராது. நான் ஒண்ணும் சொல்லலன்னா நோய் இல்லன்னு நெனைக்காதீங்க. வாய்ப்புண்ணு ரெண்டு வாரத்துல ஆறலன்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"அப்ப எதுக்கும்மா எங்க ரத்தம்?" என்றார் வலைக்காரர் பூபதி.

"பின்னால வர்றவங்களுக்கு உதவும்ணா." சொன்னது அவள் காதுக்கே சுவரொட்டி வாசகம் போலிருந்தது.

நாற்பது பேரில் இருபத்தாறு பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேரிடம் ரத்தம் எடுத்து, வாயையும் டார்ச் அடித்துப் பார்த்தாள். மூன்று பேருக்குத் திட்டு இருந்தது. சீட்டு எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனது ஒருத்தர்தான்.

"நாப்பது கேட்டோமேம்மா?" என்றார் தனசேகர்.

"உள்ளதைச் சொன்னா இவ்ளோதான் வருவாங்க சார். ஆவாதுன்னா வேற ஆளப் பாருங்க."

வேறு ஆள் கிடைக்கவில்லை. அடுத்த மாசமும் அவள்தான் போனாள். கூட்டம் இன்னும் குறைந்திருந்தது. டாக்டருக்கான அனுமதி இன்றுவரை வரவில்லை.