நடுச்சுவர் கொடுத்த வீட்டுப்பாடம்

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை, என் மகள் ஜானகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பேச வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் டார்ச் விளக்கை அடித்து, நாக்கை அழுத்தி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பாட்டுக் கச்சேரியா?"

"இல்லை டாக்டர். பூகோளம்."

அவர் சிரிக்கவில்லை. "சனிக்கிழமைதான் இதே தொண்டையைப் பார்த்தேன் சார். உங்க தெருதான். லாரிக்காரர் பொண்ணு."

லாரிக்காரர் பொண்ணு என்றால் மரகதம். எங்கள் பக்கத்து வீடு. ஜானகியும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. மார்ச்சில் இருவருக்கும் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை.

செங்கல்பட்டில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை வாசகர்கள் பார்த்திருக்க நியாயமில்லை. இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். அந்தச் சுவரும் ஓடு வரை போகாது, ஒரு முழம் முன்னதாகவே நின்றுவிடும். கட்டியவர் அங்கே மிச்சம் பிடித்த செங்கல்லின் பலனை நாங்கள் இன்று வரை அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் வீட்டில் கடுகு தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். எங்கள் வீட்டுப் பூகோளம் அவர்கள் வீட்டில் கேட்கும்.

பூகோளம் எப்படிக் கேட்கும் என்பீர்கள். நம் வீடுகளில் படிப்பு என்றால் சத்தம்தானே! வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை கனவு காண்கிறது என்று அர்த்தம். உரக்கக் கத்தினால்தான் படிக்கிறது. சமையலறையில் இருக்கும் தாய்க்கு வேறு என்னதான் அத்தாட்சி?

இந்தப் பத்தியைப் படித்துவரும் உங்களுக்கு என் தேதிப் பைத்தியம் பழகிப்போனது. எந்தச் சண்டைக்கும் ஆரம்ப நாள் எது என்று பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இந்தச் சண்டை ஆரம்பித்தது, கிறிஸ்துமஸ் லீவு முடிந்து அரையாண்டுப் பரீட்சைப் பேப்பர் கொடுத்த அன்று. பூகோளத்தில் மரகதத்துக்கு ஜானகியைவிட இரண்டு மார்க்கு கூடுதல். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஜானகி கொஞ்சம் உரக்கப் படித்தாள். அந்தப் பக்கம் மரகதம் இன்னும் கொஞ்சம் உரக்க. மறுநாள் ஜானகி புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தபோது, என் மனைவி பத்மா அடுப்பங்கரையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு சொன்னாள்:

"அங்க இன்னும் நிறுத்தலை. நீ மட்டும் எதுக்கு ஏந்துக்கறே?"

உட்கார்ந்தாள் ஜானகி. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் மரகதத்தின் தாய் தனமும் இதே வார்த்தையைத் தன் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

இதற்கு நடுவில் ஒரு செய்தி வந்தது. இந்த வருஷம் குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து ஒரு விடுமுறையை விழுங்கிவிட்டது அல்லவா? அதற்கு ஈடாக, அதை அடுத்து வரும் சனிக்கிழமை எஸ்.எஸ்.எல்.சி. பெண்களை மகாபலிபுரத்துக்கு உல்லாசப் பயணம் அழைத்துப் போவதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். முந்தின நாள் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

கேட்டதிலிருந்து ஜானகிக்குக் கால் தரையில் இல்லை. மகாபலிபுரம் ஒன்றும் காசி ராமேசுவரம் இல்லை. திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் ஏறினால் சாப்பாட்டு வேளைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் கூட அப்பா அம்மா இல்லாமல், வகுப்பு முழுக்க ஒரே பஸ்ஸில், கடலைப் பார்க்கப் போவது என்றால்? மார்ச்சுக்குப் பிறகு அந்த வகுப்பே இருக்காதே. யார் கல்யாணமாகி எங்கே போவார்களோ, யார் காலேஜுக்குப் போவார்களோ!

பத்மா கேட்டது ஒரே கேள்விதான். "மரகதம் போறாளா?"

"அவ வீட்டில் இன்னும் சொல்லலியாம் அம்மா."

"பார்த்தியா! அவ அன்னிக்கு ஆத்துக்குள்ளேயே உக்காந்து படிப்பா. நீ மணல்ல விளையாடிட்டு வருவே."

அன்றிலிருந்து சத்தம் இன்னும் ஏறியது. அதன் முடிவுதான் நீங்கள் மேலே பார்த்த டார்ச் விளக்கு.

டாக்டரிடமிருந்து திரும்பி வந்த அன்று சாயங்காலமே அவள் மறுபடி உட்கார்ந்தாள். எட்டிப் பார்த்தேன். ஜானகியின் வாய், கம்மிய குரலில், கோதாவரி உற்பத்தியாகும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. கை, ரிப்பனை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தது. கண், ஓட்டில் நகரும் பல்லியின் மேல். புத்தகத்தில் திறந்திருந்ததோ கரிசல் மண்!

மறுநாள் காலை, ஸ்டேஷன் குட்ஸ் ஷெட் வாசலில் மரகதத்தின் அப்பா கண்ணப்பனைப் பார்த்தேன். லாரியில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வேலையை விட்டுவிட்டு வந்தார்.

"இன்னா சார், உங்க பொண்ணு வாயே மூடாதா? வூட்ல ஒரே பேஜாராப் போச்சி. அது நிறுத்தினாத்தான் இது நிறுத்தணும்னு எங்கூட்டுக்காரி ஒத்தக் கால்ல நிக்கிறா."

"கண்ணப்பன், உங்க கிட்ட நான் கேக்கணும்னு இருந்ததே அதுதான். உங்க பொண்ணு எப்போ நிறுத்தும்?"

அவர் தோள் துண்டை எடுத்து உதறினார்.

"அய்யய்ய! அப்போ ரெண்டும் நிறுத்தறதுக்கோசரம்தான் படிச்சிகினு கீதுங்களா?"

இதைவிடத் தெளிவாக இந்தப் பிரச்னையை யாரும் சொல்ல முடியாது.

பூகோள டீச்சரைப் போய்ப் பார்த்தேன். நாளொன்றுக்கு எவ்வளவு வீட்டுப்பாடம் கொடுக்கிறீர்கள் அம்மா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஒரு பக்கம் சார். மேப் இருந்தால் அதுவும் ஒண்ணு. நிதானமாகப் படித்தால் அரை மணி."

"எங்கள் வீட்டில் சாயங்காலம் முழுக்க நடக்கிறதே?"

"அரை மணி நான் கொடுத்தது. மிச்சம் உங்கள் நடுச்சுவர் கொடுத்தது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "உல்லாசப் பயணத்துக்கும் ரெண்டு வீட்டிலேயும் ஒரே பதில்தான் சார். 'அந்தப் பொண்ணு பேர் கொடுத்தா எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கோ.' யாருக்கு முதலில் சொல்லி அனுப்புவது?"

வீட்டுக்கு வந்து பத்திரிகையைப் பிரித்தால் அதிலும் நடுச்சுவர்! போன அக்டோபரில் ருஷ்யாக்காரர்கள் வானத்தில் ஒரு குட்டிச் சந்திரனை ஏற்றிவிட்டார்கள் அல்லவா? அதிலிருந்து அமெரிக்காவில் பெரியவர்களுக்குத் தூக்கம் இல்லையாம். நம் பிள்ளைகள் கணக்கும் விஞ்ஞானமும் இன்னும் படிக்க வேண்டும், வீட்டுப்பாடத்தைக் கூட்டு என்கிறார்களாம். அங்கே யார் தாய், யார் கண்ணப்பன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி மட்டும் அங்கேயும் இருக்கிறது.

வல்லரசுகள் மாநாடு கூட்டுகின்றன. நாங்களும் கூட்டினோம். இடம்: இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொல்லைக் கிணற்றடி. ஷரத்து: சாயங்காலம் முனிசிபாலிட்டிச் சங்கு ஊதியதும் இரண்டு வீட்டிலும் புத்தகம் மூடப்பட வேண்டும். ஆண்கள் இருவரும் உடனே சம்மதித்தோம்.

தனம் விடவில்லை. "சங்கு ஊதினப்புறம் வாய மூடிகினு படிச்சா? யாருக்குத் தெரியும் மாமி?"

"அதையேதான் நானும் கேக்கறேன்" என்றாள் பத்மா. மூன்று வாரத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இது.

ஆயுதக் குறைப்பில் பெரிய தேசங்களெல்லாம் முட்டிக்கொண்டு நிற்பது இந்த இடத்தில்தான் — சோதனை போடுவது யார்? கண்ணப்பன் வழி சொன்னார். சங்கு ஊதியதும் இரண்டு பெண்களும் கிணற்றடிக்கு வந்து, இரண்டு தாய்மாருக்கும் கண்ணில் படுகிற மாதிரி தாயம் ஆட வேண்டும்!

செங்கல்பட்டில், ஏன், ஜில்லாவிலேயே, எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும் பெண்களைத் தாய்மாரே அதட்டி விளையாட உட்கார வைத்தது எங்கள் கொல்லையில்தான் இருக்கும். "ஏண்டி சும்மா இருக்கே, காயை நகர்த்து!" என்று பத்மா சத்தம் போட்டதை நான் என் காதால் கேட்டேன். இரண்டாம் நாள் தாய்மார் யோசனை சொன்னார்கள். மூன்றாம் நாள் பெண்களை நகரச் சொல்லிவிட்டு அவர்களே உட்கார்ந்துவிட்டார்கள்.

சரி, மகாபலிபுரம்? வெள்ளிக்கிழமை காலை வரை அது அந்தரத்தில் நின்றது. ஜானகி என்னிடம் வந்தாள். தொண்டையில் குரல் பாதிதான் திரும்பியிருந்தது.

"அப்பா... இன்னிக்குப் பேர் கொடுக்கலைன்னா அவ்வளவுதான்" என்றாள். கண்ணில் தண்ணீர்.

கிணற்றடியிலேயே எல்லோரையும் நிறுத்தினோம். கண்ணப்பன் ஏலக்காரர் மாதிரி கையைத் தூக்கினார். "தோ பாருங்க. நான் மூணு சொன்னதும் ரெண்டு பேரும் ஒண்ணா 'சரி'ன்னு சொல்லணும். யாரும் முந்தக் கூடாது, பிந்தக் கூடாது. ஒண்ணு... ரெண்டு... மூணு!"

கிணற்றில் வாளி சொட்டும் சத்தம்தான் கேட்டது. பத்மா தனத்தின் வாயைப் பார்க்கிறாள். தனம் பத்மாவின் வாயைப் பார்க்கிறாள்.

"இன்னா மாமி, நீ சொல்லுவேன்னு பார்த்தா..."

"நீ சொல்லுவேன்னுதான் நான் இருந்தேன்!"

முதலில் சிரித்தது மரகதம். கட்டிய தொண்டையில் சிரிப்பு, கிணற்று உருளை மாதிரி கிறீச்சிட்டது. ஜானகிக்கும் அதே உருளை. அப்புறம் எங்களில் யாருக்கும் நிற்கவில்லை. இரண்டாவது தடவை 'மூணு' வருவதற்குள் இரண்டு 'சரி'யும் வந்துவிட்டன. அடுத்த மூச்சில், அதுவும் ஒன்றாகவே, இருவரும் சொன்னார்கள்: "நானும் கூட வரேன்!"

கூடப் போவது பெண்ணுக்குத் துணையாகவா, மற்ற பெண்ணுக்குக் காவலாகவா? நான் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, பெண்களும் டீச்சரும் இரண்டு தாய்மாரும் பஸ்ஸில். புளியோதரை, தயிர்சாத அண்டாக்கள் கண்ணப்பனின் லாரியில். அண்டாக்களுக்குத் துணை நான். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது, மலைக்கோயிலுக்குச் சோறு தின்ன வரும் கழுகைப் பார்க்க வேண்டும் என்று பெண்கள் கெஞ்சினார்கள். உச்சி வேளைக்கு முன்னால் அது வராது என்று டீச்சர் சொல்லிவிட்டார். உச்சியில் வருகிறது, கொடுத்ததைச் சாப்பிடுகிறது, போய்விடுகிறது. இரண்டு கழுகு, ஒன்று போய்விட்டதா என்று மற்றது பார்த்துக்கொண்டு நிற்பதாகக் கேள்விப்பட்டதில்லை.

மகாபலிபுரத்தில் சிற்பம் பார்த்த கதையை நான் எழுதப்போவதில்லை. யார் எந்த ராஜா, எந்தக் குகை எப்போது என்று நான் ஆரம்பித்தபோது, ஒரு பெண்கூட என் பக்கத்தில் இல்லை. அத்தனை பேரும் அலைக்குள் முழங்கால் அளவு நின்றுகொண்டிருந்தார்கள். அலை வரும்போதெல்லாம் ஒரு கூச்சல்! அதில் ஜானகியின் குரலைப் பொறுக்கி எடுத்தேன். "மரகதம்! ஓடாதேடி! பெரிய அலை வரது!" கம்மல் இல்லை, கீறல் இல்லை. டாக்டர் மருந்தில் வராத குரல் அலை அடித்ததில் வந்துவிட்டது.

கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் ஜமக்காளத்தை விரித்தோம். காற்று அதை விட்டால்தானே! ஒரு மூலையை அழுத்தினால் மற்ற மூலை எழுந்து அண்டாவை மூடப் பார்க்கிறது. கனமாக ஏதாவது வேண்டும். பத்மா தன் பைக்குள் கையை விட்டாள். எடுத்தாள். வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கையில் பூகோளப் புத்தகம்!

தனம் பார்த்தாள். ஒப்பந்தம் போயிற்று, இனிமேல் யுத்தம்தான் என்று நினைத்தேன்.

தனம் குனிந்து தன் பையைத் திறந்தாள். வெற்றிலைப் பெட்டிக்கு அடியிலிருந்து சரித்திரப் புத்தகத்தை எடுத்து இரண்டாவது மூலையில் வைத்தாள்.

"இன்னா மாமி பண்றது... அது படிச்சா இதுவும் படிக்கட்டும்னு..."

"நானும் அதுக்குத்தாண்டி!"

மூன்றாவது மூலைக்கு டீச்சர் தயங்கித் தயங்கித் தன் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். திருத்தாத பரீட்சைப் பேப்பர். டீச்சருக்கும் வீட்டுப்பாடம் என்று பெண்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பள்ளிப் பாடத்துக்குப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் கொடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், டீச்சர் சொன்ன கணக்கையே சொல்வேன். பாடம் முடிந்தால் படிப்பும் முடிந்தது. அதற்கு மேல் படிப்பதெல்லாம் பிள்ளையின் படிப்பு இல்லை, பெரியவர்களின் பயம். அதைப் பிள்ளையின் தொண்டையில் ஏற்றினால் தொண்டைதான் போகும்.

நாலாவது மூலையில் நான் உட்கார்ந்துகொண்டேன். என் பையில் இந்தப் பத்தி எழுதுவதற்கான காகிதக் கட்டு இருந்தது. ஆனால் அதை நான் வெளியே எடுக்கவில்லை!