வேலை இல்லாதவன் வாங்கிய வீடு

ஐம்பதுகளின் கடைசியில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைவீட்டு மேல்மாடியில் பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்த ஓர் அறையில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. கடலோரத்து மின் நிலையத்தில் எனக்கு ஷிப்டு வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் விழித்த பிறகு தூங்கும் ஆந்தை உத்தியோகம். மிச்ச நேரத்தில், கீழே கடைகளை ஒட்டி ஓடும் அஞ்சடி நடைபாதையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நூலகத்து நாவல்களை வாசித்துக்கொண்டிருப்பேன். என்னைப் பார்த்தால் பெரிய சிந்தனையாளன் என்று தெரு நினைத்துக்கொள்ளும் என்பது என் கணிப்பு.

மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அந்த அறை திடீரென்று சிறுத்துப்போனது. பிடோக் பக்கம் புதிதாகக் கட்டிய வரிசை வீடுகளில் இருப்பதிலேயே சின்னது ஒன்று விலைக்கு வந்தது. அவள் வளையல்கள் முன்பணமாகப் போயின. மீதிக்கு, வீட்டுக் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியில் மனுப் போட்டேன். மாதக் கடைசிக்குள் கடன் கிடைக்காவிட்டால் வீடும் இல்லை, வளையலும் இல்லை.

அங்கேதான் சிக்கல். நிலையத்தில் எழுதிக் கொடுத்த கடிதத்தில் இருந்தது அடிப்படைச் சம்பளம் மட்டும். அதை நம்பி ஒரு கதவு வாங்கலாம், வீடு வாங்க முடியாது. இரவுப் படியும் ஓவர்டைமும் சேர்ந்தால்தான் தவணை தாங்கும். சம்பளச் சீட்டுகளை நீட்டினேன். ஒரு மாதத்தைப் போல இன்னொரு மாதம் இல்லை. மனுக்களைப் பார்க்கும் கிராணி, அதாவது அந்தக் கம்பெனியின் குமாஸ்தா, என் வயதுத் தமிழர். விட்டு விட்டு வரும் காய்ச்சலைப் பார்க்கும் டாக்டர்போல அவற்றைப் பார்த்தார்.

"இந்த நைட்டு வேலை நிரந்தரமா வருமா, இல்ல எப்பவாவது வர்றதா? நீங்க சொன்னா பத்தாது. நேர்ல வந்து விசாரிக்கணும்லா."

தாராளமாக விசாரியுங்கள் என்றேன். தெருவில் எனக்கிருந்த மதிப்பில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த வாரம் கூப்பிட்டனுப்பினார். முகம் சரியில்லை.

"உங்களுக்கு வேலையே இல்லைங்கிறாங்க. பக்கத்து அறை அம்மாவும் அதையே சொன்னாங்க, கீழே இருக்குற யாழ்ப்பாணத்துப் பெரியவரும் அதையே சொன்னாரு. பகலெல்லாம் தூக்கமாம். எழுந்தா கதைப் புத்தகமாம். அப்ப இந்தக் கடிதம் யார் எழுதிக் கொடுத்தது?"

மோசடிக்காரன் என்று அவர் சொல்லவில்லை. சீட்டுகளை மட்டும் விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, கோபத்தைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நான் எப்படித்தான் தெரிகிறேன்? பக்கத்து அறை அக்கா அவ்வப்போது மீன் குழம்பு கொடுத்தனுப்புவார். என் பேச்சுத் திறமைக்குக் கிடைக்கும் காணிக்கை என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் பிச்சையா?

பொது அடுப்படியில் அக்கா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, எனக்கு வேலை இல்லையா?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்களாம்."

"ஓ, அந்தத் தோல்பை ஆளா? கவலைய விடுங்க தம்பி, நல்லா விரட்டிட்டோம். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், மாசாமாசம் வருதான்னு நோண்டி நோண்டிக் கேட்டான். வட்டிக்காரன் ஆளு வேற எப்படிக் கேப்பான்? ஒத்தக் காசு பேராதுன்னு சொல்லிட்டேன். கீழ ஐயாவையும் அப்படியே சொல்லச் சொன்னேன்."

எங்கள் சந்தின் வழக்கம் அது. பையோடு வந்து யாராவது ஒருவருடைய சம்பளத்தை விசாரித்தால் தெரு முழுக்க ஒரே குரலில் பேசும்: வேலை இல்லை, வருமானம் இல்லை, ஆளே ஜோகூருக்குப் போய்விட்டார். மாடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒருவரை நானே ஒருமுறை பினாங்குக்கு அனுப்பிவைத்திருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னேன். அக்காவின் கை நின்றது.

"அப்ப அந்தப் புள்ளையோட வளையலு?"

"அதுவும் போகும்."

மறுநாள் காலையில் அக்காவும் கீழே இருக்கும் பெரியவரும் என்னோடு கிளம்பினார்கள். பெரியவர் ஓய்வு பெற்ற குமாஸ்தா. கோட்டுப் போட்டு, குடையும் எடுத்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு வேற சொல்றீங்க. எதை நம்புறது?" என்றார் கிராணி.

"இண்டைக்குச் சொல்லுறதை நம்பும், தம்பி. அண்டைக்குச் சொன்னது பொய். உம்மை வட்டிக்காரன்ரை ஆள் எண்டு நினைச்சிட்டம். நீரும் ஏன் அந்தப் பையைக் காவிக்கொண்டு திரியிறீர்?"

கிராணி பையை மேசைக்கு அடியில் தள்ளினார். "பொய் சொன்னேன்னு நீங்களே சொல்றீங்க ஐயா. உங்க சாட்சியை நான் எப்படி எழுதுறது?"

பெரியவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அக்காதான் முன்னால் நகர்ந்தார்.

"எழுத வேணாம், கேளுங்க. இவரு நைட்டு வேலைக்குப் போற வாரமெல்லாம் இவரு சம்சாரம் எங்க அறையிலதான் படுக்கும். தனியா இருக்கப் பயப்படுற புள்ள. எங்க வீட்டுக்காரரு அந்த வாரம் பூரா கீழ அஞ்சடியில பாய் போட்டுப் படுத்துக்குவாரு. இடுப்பு வலி, இடுப்பு வலின்னு என் உசிரை எடுப்பாரு. எந்த வாரம்னு கேளுங்க, சொல்றேன்."

"தீபாவளி வாரம்?"

"நைட்டுதான். எங்கூட உக்காந்து முறுக்குப் புழிஞ்சுச்சு."

"அடுத்த மாசம் காசு கூடியிருக்கே?"

"மழை ஊத்துச்சே, அப்ப. நைட்டு வாரம் முடிஞ்சும் இவரை விடல, ஆள் பத்தலைன்னு மறுவாரமும் நைட்டு. எங்க ஆளுக்கு அஞ்சடியில சளி பிடிச்சு, கசாயம் வச்சுக் குடுத்தேன்."

கிராணி ஒவ்வொரு சீட்டாகப் புரட்டிப் பார்த்தார். அக்கா புருஷனுக்கு இடுப்பு வலித்த மாதங்களிலெல்லாம் எனக்கு இரவுப் படி வந்திருந்தது. சளி பிடித்த மாதத்தில் ஓவர்டைம். கிராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ எழுதத் தொடங்கினார்.

நான் சிரிக்கவில்லை. மனைவி அங்கே போய்ப் படுப்பது எனக்குத் தெரியும். அந்த அறையும் எங்கள் அறை அளவுதான் என்பதும் தெரியும். அப்படியானால் அந்த மனிதர் எங்கே போவார் என்று சிந்தனையாளன் ஒருமுறைகூட யோசித்ததில்லை. அஞ்சடியில் தலையோடு போர்த்திப் படுத்திருப்பவர்களைத் தாண்டித்தான் இரவு வேலைக்குப் போய் வருவேன். அவர்களில் ஒருவர் அவர்.

மாதம் முடிவதற்குள் கடன் கிடைத்தது. சாமான்களை லாரியில் ஏற்றிய அன்று அக்காவின் புருஷனிடம் போய், என்ன சொல்வதென்று தெரியாமல், எங்களால் உங்களுக்கு ரொம்பச் சிரமம் என்று இழுத்தேன். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, "பரவாயில்லை தம்பி. இனிமே நான் உள்ள படுக்கலாம்லா" என்றார்.

பிடோக் வீட்டில் முதல் இரவு ஷிப்டு வாரம் என் மனைவி எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, நான் திரும்பும்வரை உட்கார்ந்தே இருந்தாள். எங்கள் சொந்தச் சுவர்கள் நல்ல கனமான செங்கல் சுவர்கள். தட்டினால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. என் வருமானம் நிலையானது என்பதற்கு ஒரு மனிதரின் இடுப்பு வலிதான் சாட்சி. அந்த மனிதரிடம் அதற்குமுன் "பசியாறியாச்சா" என்பதைத் தாண்டி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பதை நினைத்தால், அந்த முக்காலியில் உட்கார்ந்து நான் அப்படி என்னதான் படித்துக்கொண்டிருந்தேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.