கேமராவுக்கு நேரே ஒரு நாற்காலி

அந்த உணவகத்தில் சர்வர்கள் உட்காரக் கூடாது. எங்கும் எழுதி வைக்கவில்லை. மேசைகள் காலியாகக் கிடந்தாலும் சுவரோரம் நிற்க வேண்டும். சாயவும் கூடாது. முதலாளி வீட்டிலிருந்தபடியே கேமராவில் பார்ப்பார்.

கை கழுவும் தொட்டிக்குப் பின்னால் மட்டும் கேமரா எட்டாது. அங்கே ஓர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். முறை வைத்து உட்கார்வார்கள். நெட்டக்காவும் பல வருடம் அதில் உட்கார்ந்தவள்தான். பெயருக்கேற்ற உயரம். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கும்.

இடது காலில் நரம்பு சுருண்டு, கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்துவிட்டது. அப்படியே நின்றுகொண்டிருந்தால் புண்ணாகும், புண்ணானால் லேசில் ஆறாது என்றார் டாக்டர். வேளாவேளைக்கு உட்காரச் சொன்னார்.

"எதுல டாக்டர் உட்கார்றது?"

"இதென்னம்மா கேள்வி, நாற்காலியிலதான்."

வீட்டுக்காரர் பயந்தார். "எதுக்கு வம்பு? டின்னுலயே அடிக்கடி போய் உட்காரேன். வேலை போச்சுன்னா வேற எவன் இந்தக் காலோட சேர்த்துப்பான்?"

"திருட்டுத்தனமா உட்காரச் சொல்றியா?"

மறுநாள், மதியக் கூட்டத்துக்கு முந்தைய வெறும் நேரத்தில், ஒரு நாற்காலியை இழுத்துக் கேமராவுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள்.

நடை மெதுவென்பதால் புயல் என்று பேர் வாங்கிய இன்னொரு சர்வர் கிட்டே வந்தான். "அக்கா, கொஞ்சம் தள்ளிப் போனா மறைவு இருக்கே."

"மறைவுல உட்கார்ந்துதான்டா முதுகும் போச்சு."

கல்லாவில் போன் அடித்தது. அங்கே இருந்தது முதலாளியின் மச்சினன். "மாமா உங்களை எழுந்திருக்கச் சொல்றார்."

"ஆள் வந்தா எழுந்திருப்பேன்னு சொல்லுங்க."

"நான் எப்படி சொல்றது?"

அவளே கேமராவை நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

முதலாளியே வந்துவிட்டார். எதிர் மேசையில் உட்கார்ந்தார். "நானும் ஆள்தானே?"

"ஆமாங்க. என்ன கொண்டு வரட்டும்?"

"காபி."

மேசையில் கை ஊன்றி எழுந்து போய்க் கொண்டுவந்து வைத்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

"தண்ணி."

கொண்டுவந்தாள். உட்கார்ந்தாள்.

"சூப்பு." புயல் நகர்ந்தான். "நீ நில்லு. அந்தம்மா வரட்டும்."

சூப்பு வந்தது. ஆம்லெட் வந்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்தாள், ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தாள். ஆம்லெட்டைப் பாதியில் தள்ளி வைத்துவிட்டு ஐஸ்கிரீம் கேட்டார்.

"சூப்பு சூடு ஆறலை, அதுக்குள்ளயா? தொண்டை கட்டிக்கும்ங்க."

புயல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மாமா, பில் போடறதா, வேண்டாமா?" என்றான் மச்சினன்.

"வாயை மூடு." அவள் பக்கம் திரும்பினார். "நாளையிலருந்து நீ வர வேண்டாம்."

"யாராவது ஏன்னு கேட்டா, உட்கார்ந்ததுக்காகன்னு சொல்லுவேன்." கண்ணாடிக் கதவு திறந்தது, பக்கத்து அலுவலகங்களின் கூட்டம். அவள் எழுந்துவிட்டிருந்தாள். "கூட்டம் போகட்டும், பேசலாம்."

பிறகு அவள் உட்காரவில்லை. கையில் வரிசையாகத் தட்டுகளை ஏந்தி இடுக்குகளில் புகுந்து வந்தாள். மேசைகள் நிறைந்தன. குழந்தையோடு ஒரு குடும்பம் இடமில்லாமல் முதலாளியின் மேசையருகே நின்றது. நெட்டக்கா துடைக்கும் துணியோடு வந்தாள்.

"நிக்கிறாங்க பாருங்க. முடிச்சுட்டீங்கன்னா எழுந்திருங்க."

அவர் அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். எழுந்தார். அவள் மேசையைத் துடைத்தாள். வேறு எங்கும் காலியில்லை. முதலாளி சுவரோரம் போய் நின்றார்.

கூட்டம் வடிய வெகுநேரம் ஆயிற்று. அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். ஒருதடவை சுவரில் சாய்ந்தார்.

கடைசி மேசைக்காரர்களும் எழுந்து போனார்கள். நெட்டக்கா நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டினாள்.

"இப்பப் பேசலாங்க," என்றாள்.