மஞ்சள் பூசிய சவுக்கு மரம்

1960-களின் தொடக்கம். ஆலங்குடிப் பக்கம் ஒரு வன ஆராய்ச்சித் தோட்டத்தில் எனக்கு வேலை. சவுக்குக் காட்டில் நாளெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும், அவ்வளவுதான்! கோணாமல் மளமளவென்று வளர்ந்த மரத்தைத் தேடிப் பிடித்து, அதன் விதையில் நாற்று போட்டால் அடுத்த தலைமுறை மரங்களும் அப்படியே வரும் என்பது எங்கள் அதிகாரியின் கணக்கு. கழுத்து சுளுக்கத் தேடியதில் ஒரே ஒரு மரம்தான் தேறியது. அடையாளம் போட வெள்ளை பெயின்ட் தீர்ந்துபோயிருந்தது. இருந்த மஞ்சளில் சுற்றி ஒரு பட்டையும், நடுவில் சிவப்பில் ஒரு வட்டமும் போட்டுவைத்தேன். "என்னய்யா, மரத்துக்கு மஞ்சள் குங்குமமா?" என்று அதிகாரி எரிந்து விழுந்தார். எனக்கும் ரோஷம் வந்தது. டப்பாவை அறைந்து மூடினேன்.

வைகாசி பிறந்தது. காய் முற்ற இன்னும் கொஞ்ச நாள்தான். ஒருநாள் காலையில் போனால், அந்த மரத்தடியில் மாட்டுவண்டி நிற்கிறது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கோடாலியோடு வந்திருந்தார், கூடவே அவர் மைத்துனர். மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் வேண்டும் என்று அவர் கேட்க, அதிகாரி ஒரு மரம் வெட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்; எதைத் தொடக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார். பந்தக்காலுக்கும் நேரான மரத்தைத்தானே தேடுவார்கள்! தலைதெறிக்க ஓடினேன்.

அங்கே வெட்டு நடக்கவில்லை, வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"இம்புட்டு நேரா வேற எங்க மச்சான் கெடைக்கும்? வெட்டுங்க" என்றார் மைத்துனர்.

"கண்ணு தெரியலையா ஒனக்கு? மஞ்சப் பூசிப் பொட்டு வச்சிருக்காங்க. யாரோ நமக்கு முந்திப் பாத்து வச்சிட்டுப் போன பந்தக்கால். நம்ம புள்ளை கல்யாணத்துக்கு இன்னொரு புள்ளையோட பந்தக்காலை வெட்டவா?" என்ற பெண்ணின் அப்பா, என்னைப் பார்த்ததும் கேட்டார்: "எந்த வீட்டுக் கல்யாணமுங்க?"

போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரித்தார். "விதைக்குன்னா இன்னும் நல்லதுங்க, இருக்கட்டும்" என்று அங்கிட்டு நின்ற, லேசாகக் கோணிய மரத்தை வெட்டி ஏற்றினார்.

கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார். "மாமா, ஒங்க பந்தக்கால் யாருக்குக் கும்பிடு போடுது?" என்று சம்பந்தி வீட்டு இளவட்டங்கள் அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். அவர் பந்தியில் இருந்த எங்களைக் கைகாட்டி, "வேற யாருக்கு, இந்த ஆபீசருங்களுக்குத்தான்!" என்றார்.

அந்த மரத்து விதையில் வளர்ந்த முதல் நாற்றுகளில் கொஞ்சம் அவருக்குத்தான் கொடுத்தோம். சில வருஷம் கழித்து அவருடைய இளைய மகள் கல்யாணம். பந்தலின் ஈசான மூலையில் பந்தக்காலாக, அவர் வயலிலேயே வளர்ந்த சவுக்கு, கோணலே இல்லாமல் நின்றது. அதில் பூசியிருந்தது நிஜ மஞ்சள்.

யாரென்றே தெரியாத, உண்மையில் இல்லவே இல்லாத ஒரு கல்யாணப் பெண்ணுக்காக விட்டுக்கொடுத்த மனிதர் அவர். இன்றும் எங்கே பந்தக்காலைப் பார்த்தாலும், அது நேரா கோணலா என்று பார்ப்பதற்குள் அவர் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது.