கொள்ளி வைக்க மாட்டேன் என்று சொல்லப் போனவர்

ஐப்பசி, ஞாயிறு. பழனியிலிருந்து கொடைக்கானல் அறுபத்துநான்கு கிலோமீட்டர். பேருந்து நிலையத்தில் வாங்கிய ஆயக்குடிக் கொய்யா தீர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பெருமாள்மலையில் சூழ்ந்த மூடுபனி நான் திரும்பும்வரை விலகவே இல்லை.

அட்டுவம்பட்டி விடுதி ஒன்றில், கிறிஸ்தவ உலகக் கண்ணோட்டம் குறித்த ஒரு வாரத் தீவிரப் பயிற்சி. உலகம் எப்படி உண்டானது, எங்கே கெட்டது, எதனால் மீளும் என்ற கேள்விகளை வைத்துக் கல்வி, தொழில், அரசு, சாவு என்று ஒவ்வொன்றையும் அலசினார்கள். என் அறைத்தோழர் தண்டபாணி, பூம்பாறைப் பக்கத்துப் பூண்டு விவசாயக் குடும்பத்தின் மூத்த மகன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றவர். அன்றிலிருந்து தகப்பனார் அவரோடு பேசுவதில்லை.

புதன். சாவு பற்றிய வகுப்பு. "தகப்பன் இந்து. அவர் இறந்தால் விசுவாசியான மூத்த மகன் கொள்ளி வைக்கலாமா?" என்று கேட்டார் ஆசிரியர். தண்டபாணி எழுந்தார். "வைக்க மாட்டேங்கய்யா. பாடையத் தூக்குவேன். நெருப்ப மட்டும் கையில வாங்க மாட்டேன்."

கை தட்டினோம். மதியச் சோற்றில் பாதியை அவர் அப்படியே வைத்துவிட்டார்.

வெள்ளி. காலை ஜெபத்துக்குக் கிளம்பும்போது அவருடைய கைபேசி ஒலித்தது. தகப்பனார் விடியலில் இறந்துவிட்டார். ஆசிரியர் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். "தைரியமா சொல்லுங்க, பிரதர்" என்று அனுப்பினார். துணைக்கு நானும் போனேன்.

பூம்பாறைப் பேருந்தின் நடத்துநருக்கு விஷயம் தெரிந்திருந்தது. "அப்பாரு போயிட்டாராம்லண்ணே? வெரசாப் போகச் சொல்றேன்" என்றார். தாய்மாமனிடம் சொல்லப்போவதை ஒத்திகை பார்க்கத் தண்டபாணி என் பக்கம் சாய்ந்தார்.

"'மாமா, கோவிச்சுக்காதீங்க, என்னால முடியாது.' இப்பிடிச் சொன்னாப் போதுமாங்க?"

"போதும்."

"மன்னிச்சுக்கங்கன்னு சேக்கவா? அது தப்புப் பண்ணின மாதிரி ஆயிரும்ல?"

அடுத்த வளைவுகளிலும் அவர் வாய்க்குள் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

இறங்கி, நனைந்த பூண்டு வயல்களுக்கு நடுவே நடந்தோம். வாசலில் பாடை தயாராக இருந்தது. கொள்ளிச்சட்டி தண்டபாணியின் தம்பி கையில் இருந்தது. தாய்மாமன் எங்களைப் பார்த்து வந்தார்.

"மாமா, நான்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம் மாப்ள. ஒன்னைய யாரும் கேக்கல. சின்னவன் வைக்கட்டும்னு மச்சான் போன மாசமே சொல்லிட்டாரு."

"தோளாச்சும் குடுக்கட்டுங்களா?"

"நாலு பேரு இருக்காங்கப்பா."

தூறலில் சிதை வெகுநேரம் புகைந்த பிறகே பற்றியது. நாங்கள் வரப்பில் நின்று பார்த்தோம். முடிந்ததும் ஆண்கள் எல்லாரும் ஓடைக்குப் போய்க் குளிரில் கத்தியபடி முங்கினார்கள். தண்டபாணியும் கரைக்குப் போய்ச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். தண்ணீரில் நின்ற மாமா பார்த்துவிட்டார்.

"ஏலே, ஒனக்கு எதுக்கு இந்தச் சில்லுத் தண்ணி? ஒனக்குத்தான் தீட்டு கெடையாதுல்ல. வெள்ளனே கெளம்பு, பஸ் போயிரும்."

அதில் குத்தல் இல்லை. சளி பிடித்துவிடுமே என்ற அக்கறைதான் இருந்தது. தண்டபாணி பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை பயிற்சி முடிந்து மலையிறங்கினேன். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்களான எங்கள் வீட்டில் சாவுத் தீட்டு என்பதே கிடையாது. அப்பாவை அடக்கம் செய்த மறுநாளே நான் வேலைக்குப் போனேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதை ஒரு வசதி என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.