சந்தனம் பட்ட வட்டுகள்

போன ஆயுத பூசைக்கு அண்ணன் மகன் தன் மடிக்கணினியைச் சாமிப் படத்தின் முன்னால் வைத்து, "அத்தை, நீங்களே பொட்டு வைங்க லா," என்றான். அரைத்த சந்தனத்தின் வாசனை ஏறியதும் என் விரல் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. "நகல் எடுத்து வச்சியா? அதத் தொறந்து பாத்தியா?" என்று கேட்டேன். சிரித்தான். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளில் மலேசியாவில், ஈப்போ நகரத்தில், ரப்பர் தோட்டங்களை நிர்வகிக்கும் ஒரு கம்பெனியில் தட்டச்சு வேலை பார்த்தேன். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்கு வேர்த்துவிடும். அதனாலோ என்னவோ, புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் என்ற பேசாத இயந்திரத்தின் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். அந்த அறைக்கு மட்டும்தான் ஏர்கோன். வெயில் ஏறினால் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி உள்ளே வந்து நிற்பார்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிறப்புப் பதிவேடுகள் கட்டுக் கட்டாக வரும். பிரித்தால் புளித்த ரப்பர் பால் வாடை. ஓர் அட்டவணையில் தொழிலாளி, இன்னொன்றில் பிறப்பு. இரண்டையும் சேர்ப்பது ஒரே ஓர் எண். அதில் ஓர் இலக்கம் பிசகினால் ஒருத்தி வேறு தாய்க்குப் பிறந்துவிடுவாள். நான் பிசகவிட்டதில்லை. அதில் கொஞ்சம் கர்வம்கூட. ஏற்றி முடித்த புத்தகங்களைத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவோம்.

வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் மெல்லிய ஃப்ளாப்பி வட்டுகளில் நகல் எடுப்பேன். இயந்திரத்தைப் பொருத்த வந்தவர், இரண்டு நகல் எடுத்து ஒன்றை வேறு கட்டடத்தில் வைக்கச் சொல்லியிருந்தார். அதற்கு இன்னொரு பெட்டி வட்டு வேண்டும். மேனேஜர் அறைக் கதவைத் தட்ட வெட்கப்பட்டே ஒரு வருடம் ஓடியது. நகலைத் திரும்ப ஏற்றிச் சரிபார்க்கவும் சொல்லியிருந்தார். திரையில் 'முடிந்தது' என்று வந்தால் போதாதா என்று விட்டுவிட்டேன்.

அந்த வருட ஆயுத பூசையன்று வட்டுகளையும் சாமிப் படத்தின் முன்னால் வைத்தேன். பக்கத்து மேசை மணியம் அண்ணன் சந்தனத் தட்டோடு வந்தார். "உறையோட வச்சா சாமிக்கு எப்படித் தெரியும் தங்கச்சி? கழட்டு லா!" கழற்றி, வெற்றிலை அடுக்குவதுபோல் விரித்தேன். ஒவ்வொரு வட்டிலும் ஒரு நீளத் திறப்பு, அதில் பழுப்பாகப் பளபளக்கும் தகடு. நெற்றி மாதிரி இருந்தது. அங்கேதான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மறுநாள் ஈரத்துணியால் துடைத்து உறையில் போட்டேன்.

அடுத்த வெள்ளி வருவதற்குள் இயந்திரத்தின் பெரிய வட்டு நின்றுபோனது. நகல்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். உள்ளே சுரண்டும் சத்தம். முதல் வட்டில் ஒட்டியிருந்த சந்தனத் துகள் படிக்கும் முனையில் ஏறி அடுத்ததையும் கீறியது. ஒன்றுகூடப் படிக்கவில்லை. புத்தகங்களைத் தேடித் தோட்டத்துக்கு ஆள் போனார். "அதான் கம்ப்யூட்டர்ல ஏறிருச்சே," என்று தோட்டத்து எழுத்தரான கிராணி அவற்றை ரப்பர் தாள் உலர்த்தும் புகைவீட்டு அடுப்பில் போட்டுவிட்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து பீடோர்ப் பக்கத் தோட்டத்திலிருந்து லெட்சுமி அக்கா வந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். கையில் குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை. இங்கேயே பிறந்தவர் என்று கம்பெனி கடிதம் கொடுத்தால் குடிமக்களுக்கான நீல அட்டைக்கு மனுப் போடலாம்.

"நல்லா பாரும்மா."

காலித் திரையில் எதையோ தட்டினேன். "உங்க பேரு இல்லக்கா."

"அப்ப எங்கப்பன் பதியவே இல்லையா? குடிச்சிட்டு எங்க கெடந்தானோ, பாவி."

பதிவேட்டில் அவர் பிறப்பு இருந்த பக்கம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. பிள்ளை பிறந்த அன்றே அந்த மனிதர் வந்து பெருவிரல் வைத்திருந்தார். மை அதிகமாகி அடுத்த வரியிலும் இழுபட்டிருந்தது. அதைச் சொல்ல வாய் திறந்தேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் மூடிக்கொண்டேன். அக்கா அட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, "தெரிமா காசி, தங்கச்சி," என்று நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பல வருடம் கழித்து பீடோரில் அவரைப் பார்த்தேன். கொய்யாப்பழக் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சிவப்பு அட்டையோடுதான் செத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். புகைவீடும் இல்லை, கம்பெனியும் இல்லை. அந்தப் பெருவிரல் ரேகையைப் பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். மை இழுபட்டது வலப்பக்கமா இடப்பக்கமா என்பது எனக்கும் இப்போது சரியாக நினைவில்லை.